சிட்னியில் பழைய ஃபைப்ரோ வீடு வாங்கியவர்களுக்கு: அஸ்பெஸ்டாஸ் அகற்ற லைசென்ஸ், 5 நாள் அறிவிப்பு, கடைசிச் சான்றிதழ்

டூங்கேபி, பெண்டில் ஹில், பிளாக்டவுன் பக்கம் பழைய வீடு வாங்கும் நம் ஆட்கள் பலர் சாவி கைக்கு வந்ததும் முதலில் கை வைப்பது குளியலறையில்தான். பழைய டைல்ஸை உடைத்து எடுத்துவிட்டு, பால் காய்ச்சுவதற்குள் புதிதாக்கிவிட வேண்டும் என்று ஒரு அவசரம். 1990க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் கீழே வையுங்கள். டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் சுவர்ப் பலகை அஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செங்கலும் மரமும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் மேற்கு சிட்னியில் ஃபைப்ரோ, அதாவது அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பலகை வீடுகள் தெருத் தெருவாக எழும்பின. அதற்கான பலகையைச் செய்த ஜேம்ஸ் ஹார்டி நிறுவனத்தின் தொழிற்சாலை பரமட்டாவை ஒட்டிய கமெலியாவிலேயே இருந்தது.

"ஊரில் சீட் கூரைக்குக் கீழேதானே படுத்துத் தூங்கினோம், எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. உடையாமல், பெயிண்ட் அடித்தபடி சும்மா இருக்கும் சீட்டால் பெரிய ஆபத்து இல்லை. அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள் காற்றில் கலக்கிறது. அது நுரையீரலில் தங்கினால், மீசோதீலியோமா என்ற புற்றுநோய் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். இருமலோ எரிச்சலோ அன்றைக்கு எதுவும் தெரியாது. ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்துவிட்டது. இந்தியாவில் வெள்ளை அஸ்பெஸ்டாஸ் இன்னும் விற்பனையில் இருக்கிறது. இலங்கை கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, பூச்சி இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் அந்தக் கட்டுப்பாடு தள்ளிப்போனது. ரஷ்யாதான் அஸ்பெஸ்டாஸ் ஏற்றுமதியில் பெரிய கை. ஆகவே ஊர்ப் பழக்கத்தை இங்கே அளவுகோலாக வைக்காதீர்கள்.

இங்கே எழுதுவது நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிகள். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விக்டோரியாவில் லைசென்ஸ் இல்லாமல் செய்ய 10 சதுர மீட்டர் என்ற வரம்போடு, 7 நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் சேரும். கான்பெராவில் சின்னத் துண்டானாலும் லைசென்ஸ் உள்ளவர்தான் எடுக்க வேண்டும். மெல்போர்னில் இருக்கும் மச்சான் சொன்னார் என்று சிட்னியில் வேலையைத் தொடங்க வேண்டாம்.

முதலில்: இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீடு வாங்கும்போது எடுத்த கட்டட ஆய்வு அறிக்கையை நம்பி இருந்துவிடாதீர்கள். பொதுவாக அதில் "அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நிபுணரைக் கொண்டு சோதிக்கவும்" என்ற ஒரு வரிதான் இருக்கும். கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அனுபவசாலியான பில்டராலும்கூட. ஒரு துண்டு மாதிரி எடுத்து, நாட்டா (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் ஆஸ்திரேலிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரியைத் தகுதியுள்ள ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும் செயலே துகளைக் கிளப்பும்.

எங்கெல்லாம் தேட வேண்டும்? கூரை விளிம்புக்கு அடியில் இருக்கும் ஈவ்ஸ் பலகை, குளியலறை, லாண்டரி, சமையலறைச் சுவர், கார் கராஜ், பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் நெளிசீட் வேலி. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் தப்பிவிடுபவை வேறு: மின் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் கறுப்புப் பலகை, சுடுநீர்க் குழாய் மீது சுற்றிய உறை, பழைய வினைல் தரை.

வினைல் தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சதுரம் சதுரமாக ஒட்டிய வினைல் டைல் ஒரு வகை. சுருட்டி விரித்த வினைல் வேறு வகை. விரிப்பு வகையின் ஒரு மூலையைத் தூக்கினால் அடியில் வெளிர்நிறத்தில் அட்டை போன்ற ஓர் அடுக்கு தெரியும். பழைய விரிப்புகள் சிலவற்றில் அந்த அடுக்கு கிட்டத்தட்ட முழுக்க அஸ்பெஸ்டாஸ். இழுத்து உரித்தால் பாதி விரிப்போடு வரும், பாதி தரையிலேயே பஞ்சாக நிற்கும். அதைச் சுரண்டித் தேய்ப்பதுதான் ஒரு வீட்டில் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று. புது ஃப்ளோர்போர்டு போடும் ஆசையில் வார இறுதியில் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சுரண்டும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாவது: என்ன வகை, எத்தனை சதுர மீட்டர்

சட்டம் அஸ்பெஸ்டாஸை இரண்டாகப் பிரிக்கிறது. காய்ந்த நிலையில் கையால் நசுக்கினால் பொடியாவது உதிரும் வகை. குழாய் உறை, தெளிப்புப் பூச்சு, மேலே சொன்ன வினைல் அடுக்கு எல்லாம் இதில் வரும். சிமெண்டோடு கெட்டியாகக் கலந்தது உதிரா வகை. சீட், ஈவ்ஸ், வேலி எல்லாம் இது. தீயில் வெந்தாலோ, அழுத்தத் தண்ணீர் அடித்து மேற்பரப்பு அரிபட்டாலோ, கெட்டி வகையும் உதிரும் வகையாக மாறிவிடலாம். கூரைச் சீட்டை ஹை-பிரஷர் கிளீனரால் கழுவுவதற்குத் தடை இருப்பது இதனால்தான்.

லைசென்ஸும் இதை ஒட்டியே வருகிறது:

- கிளாஸ் ஏ: எந்த வகையும், எந்த அளவும். உதிரும் வகை என்றால், கைப்பிடி அளவானாலும் கிளாஸ் ஏ மட்டுமே.
- கிளாஸ் பி: உதிரா வகை மட்டும், எந்த அளவும்.
- லைசென்ஸ் தேவையில்லை: உதிரா வகை, மொத்தம் 10 சதுர மீட்டர் வரை.

இந்த 10 சதுர மீட்டர் கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது, இல்லையா? அளந்து பாருங்கள். 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் என்று ஒரு சின்னக் குளியலறை. சுற்றளவு 9 மீட்டர், சுவர் உயரம் 2.4 மீட்டர். பெருக்கினால் 21.6 சதுர மீட்டர். கதவையும் ஜன்னலையும் கழித்தாலும் வரம்பைப் போல இரு மடங்குக்குப் பக்கத்தில் நிற்கும், இன்னும் சீலிங்கைச் சேர்க்கவில்லை. 1.8 மீட்டர் உயர வேலியில் ஐந்தரை மீட்டர் நீளம் போனாலே 10க்கு மிக அருகில் வந்துவிடும். "இந்த வாரம் ஒரு சுவர், அடுத்த வாரம் ஒரு சுவர்" என்று பிரித்துக் கணக்குக் காட்டும் யோசனை வேண்டாம். ஒரே வேலையின் மொத்த அளவைத்தான் பார்ப்பார்கள்.

வரம்புக்குள் இருந்தால் நீங்களே எடுக்கலாமா? சட்டம் இடம் கொடுக்கிறது. என் கருத்து: ஒரே ஒரு ஈவ்ஸ் பலகை, ஆணியைக் கழற்றினால் முழுசாக இறங்கும் என்றால் யோசிக்கலாம், டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால் கூடவே கூடாது, அது உடையாமல் வராது. செய்தே தீருவேன் என்பவர் நுண்துகளை வடிக்கும் பி2 முகக்கவசம், தூக்கிப்போடும் முழு உடல் உறை எல்லாம் போட்டு, சீட்டை நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். தாடி இருந்தால் கவசம் முகத்தோடு ஒட்டாது. சவரம் செய்யத்தான் வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம். அது துகளை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் அறை முழுக்க ஊதிவிடும்.

மூன்றாவது: ஆளைப் பிடிப்பதும் லைசென்ஸைப் பார்ப்பதும்

பில்டர் லைசென்ஸ் வேறு, அஸ்பெஸ்டாஸ் அகற்றும் லைசென்ஸ் வேறு. "நான் இருபது வருஷமா பாத்ரூம் பண்றேன்" என்பது லைசென்ஸ் ஆகாது. கொட்டேஷன் கேட்கும்போதே லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, மாநில அரசின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். பெயர் பொருந்துகிறதா, கிளாஸ் எது, காலாவதி ஆகிவிட்டதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். காலாவதியான அட்டையின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒன்றும் கஷ்டமில்லை.

கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: எந்தெந்தப் பகுதி, எத்தனை சதுர மீட்டர், கழிவு எந்தக் குப்பைக்கிடங்குக்குப் போகும், வேலை முடிந்ததும் மிச்சம் எதுவும் இல்லை என்று பார்க்கும் க்ளியரன்ஸ் பரிசோதனையை யார் செய்வார், அதற்கான பணம் இதில் அடங்குமா. கடைசி இரண்டும் விட்டுப்போன கொட்டேஷன்தான் மலிவாகத் தெரியும்.

வேலைக்கு முன் ஒப்பந்ததாரர் அகற்றும் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். எந்த இடம், எந்த முறை, எப்படித் துகளை அடக்குவது என்றெல்லாம் அதில் இருக்கும். வேலையைக் கொடுத்த உங்களுக்கு அதன் பிரதியைத் தர வேண்டியது அவருடைய கடமை. கேட்டால் முழிக்கிறார் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

நான்காவது: 5 நாள் அறிவிப்பு

லைசென்ஸ் தேவைப்படும் எந்த வேலையையும் தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள் முன்பு, வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் மாநில அமைப்பான சேஃப்வொர்க் நியூ சவுத் வேல்ஸுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியவர் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர். நீங்கள் அல்ல, உங்கள் பில்டரும் அல்ல.

அந்த அறிவிப்பில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால் அதன் நோக்கம் புரியும். லைசென்ஸ் எண், மேற்பார்வையாளரின் பெயரும் தொடர்பும், வீட்டு முகவரி, வீட்டுக்குள் எந்த இடம், தொடங்கும் தேதி, எத்தனை நாள், உதிரும் வகையா இல்லையா, எவ்வளவு அளவு, எத்தனை பேர் வேலை செய்வார்கள், ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றதற்கான விவரம். இன்னொன்றும் உண்டு: வேலை முடிந்ததும் க்ளியரன்ஸ் கொடுக்கப்போகும் நபரின் பெயர். வேலை தொடங்குவதற்கு முன்பே கடைசிப் பரிசோதகர் யார் என்று முடிவாகி இருக்க வேண்டும். "அதைப் பிறகு பார்த்துக்கலாம்" என்பவர் அந்த அறிவிப்பையே கொடுக்கவில்லை, அல்லது கற்பனைப் பெயர் ஒன்றைப் போட்டிருக்கிறார்.

எனவே "நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். அவசரத்துக்கு விலக்கு உண்டுதான். எதிர்பாராத ஏதோ நடந்து மக்கள் துகளைச் சுவாசிக்கும் நிலை வந்தால், அல்லது அத்தியாவசியச் சேவை ஒன்று பழுதானால், உடனே தொடங்கலாம். அப்போதும் உடனடியாகத் தொலைபேசியில் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். டைல்ஸ்காரர் திங்கட்கிழமை வருகிறார் என்பது அந்த வகை அவசரத்தில் சேராது.

அறிவிப்பின் உறுதிச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். முகவரி, தேதி, அளவு மூன்றையும் கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். கொட்டேஷனில் 40 சதுர மீட்டர், அறிவிப்பில் 15 என்றால் ஏதோ ஒன்று பொய்.

அக்கம்பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். வீட்டில் வேலை என்றால், உங்களுக்கும் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் மட்டுமல்ல, ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் எப்போது வேலை நடக்கிறது என்று ஒப்பந்ததாரர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் கடிதம் போடட்டும். வேலைக்கு முந்தைய நாள் மாலையில் நீங்களும் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் நல்லது. துணி காயப்போட மாட்டார்கள், ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள், வெள்ளை உடுப்புப் போட்டவர்களைப் பார்த்துப் பயந்து கவுன்சிலுக்குப் போன் போடவும் மாட்டார்கள். வாடகைக்கு விட்ட வீடு என்றால் குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டிய உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

வேலை நாளில்

நீங்கள் உள்ளே நிற்கத் தேவையில்லை, நிற்கவும் கூடாது. வெளியே இருந்து பார்த்தாலே போதுமானது தெரியும். எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் இருக்கிறதா? சீட்டை நனைக்கிறார்களா? ஆணி கழற்றி முழுசாக இறக்குகிறார்களா, அல்லது சுத்தியலால் அடித்து நொறுக்குகிறார்களா? ஆங்கிள் கிரைண்டர் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். துகளை அடக்கும் ஏற்பாடில்லாத மின் கருவிக்கும், அழுத்தத் தண்ணீருக்கும், காற்றடித்து ஊதுவதற்கும் அனுமதி இல்லை. அழுக்கான உடுப்போடு காரில் ஏறிச் சாப்பிடப் போகிறார்களா என்பதையும் கவனியுங்கள். கழற்றவும் கழுவவும் அங்கேயே இடம் இருக்க வேண்டும்.

கிளாஸ் பி வேலையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டால் வரும் நிலையில் இருந்தால் போதும். கிளாஸ் ஏ வேலையில் அவர் எந்நேரமும் அங்கேயே இருக்க வேண்டும். கிளாஸ் ஏ என்றால் அந்த இடத்தைப் பிளாஸ்டிக்கால் மூடிக் கூடாரம் போலாக்கி, காற்று உள்ளிருந்து வெளியே கசியாதபடி உறிஞ்சு இயந்திரம் வைப்பார்கள். லைசென்ஸ் பெற்ற சுயேச்சை மதிப்பீட்டாளர் காற்றையும் அளப்பார். ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் குறைவு என்றால் தொடரலாம். அதைத் தொட்டால் காரணத்தைத் தேட வேண்டும். 0.02ஐத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும்.

க்ளியரன்ஸ் சான்றிதழ்: பணத்தைப் பிடித்து வைக்க வேண்டிய இடம்

முழு விஷயத்திலும் என்னிடம் ஒரே ஒரு ஆலோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: சான்றிதழ் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அந்த இடத்திலும் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் அஸ்பெஸ்டாஸ் மிச்சம் எதுவும் இல்லை என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கிளாஸ் ஏ வேலைக்கு லைசென்ஸ் பெற்ற மதிப்பீட்டாளர். கிளாஸ் பி வேலைக்குத் தகுதியுள்ள ஒருவர் போதும். இருவரும் அகற்றிய கம்பெனியோடு சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் வரும்வரை அந்த அறைக்குள் மற்ற வேலைக்காரர்களும் போகக்கூடாது, நீங்களும் குடிபோகக்கூடாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கடை, அலுவலகம் போன்ற இடங்களில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது வேலையைக் கொடுத்தவரின் பொறுப்பு. குடியிருப்பு வீட்டில் அந்தப் பொறுப்பை விதிகள் ஒப்பந்ததாரர் தலையில் வைக்கின்றன. பரீட்சை எழுதுகிறவரே திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு அது. நேர்மையான கம்பெனிகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பரிசோதகரை நீங்களே தேர்ந்தெடுத்து, அவர் பெயரைத்தான் அறிவிப்பில் போட வேண்டும் என்று கொட்டேஷன் கட்டத்திலேயே பேசிக்கொள்ளலாம். சில நூறு டாலர் கூடப் போகலாம். போகட்டும்.

பரிசோதகர் வரும்போது தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள். நல்ல பரிசோதகர் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். கம்பியிடுக்கில், ஆணித் துளையில், மரச்சட்டத்தின் மேல் விளிம்பில் விரலளவுச் சில்லு நிற்கும், அதைத் தேடுவார். ஒன்று கிடைத்தாலும் மறுபடி சுத்தம் செய்யச் சொல்லிவிட்டுப் போவார். காரை விட்டு இறங்காமல் புகைப்படம் கேட்கிறவர் வேண்டாம்.

கழிவு

அகற்றிய சீட்டை 0.2 மில்லிமீட்டர் கனப் பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, அஸ்பெஸ்டாஸ் என்று எழுதி, அதை ஏற்கும் அனுமதி உள்ள கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக் குப்பைக்கான சிவப்பு மூடித் தொட்டியிலும், கவுன்சில் வாசலில் எடுக்கும் பெருங்குப்பையிலும், சாதாரண ஸ்கிப் பின்னிலும் போடவே கூடாது. 100 கிலோவுக்கு அல்லது 10 சதுர மீட்டருக்கு மேல் ஏற்றிப் போகும் கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் கண்காணிப்பு முறையில் பதிய வேண்டும். கிடங்கின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லையென்றால் உங்கள் வீட்டுச் சீட் ஏதாவது ஓடைக்கரையில் கிடக்கலாம். கழிவு எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதற்கு 2024 ஜனவரியில் ரோசெல் பூங்காவே சாட்சி. செடிகளைச் சுற்றிப் போட்ட மரச்சீவல் மூடாக்கில் அஸ்பெஸ்டாஸ் துண்டு கிடந்தது, பிறகு சிட்னியின் பள்ளிகள், பூங்காக்கள் என்று பல இடங்களைச் சோதிக்க வேண்டியதாயிற்று.

இதையே தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு

கட்டட வேலைக்குப் புதிதாக வந்த தம்பிமார் சிலர் இதைக் கேட்கிறார்கள், கூலி நன்றாக இருக்கும் என்று. லைசென்ஸ் தொழிலை நடத்துபவர் அல்லது கம்பெனியின் பேரில்தான். அதில் வேலை செய்பவருக்குத் தனி லைசென்ஸ் இல்லை, ஆனால் அந்தந்த வகைக்கான பயிற்சிச் சான்று கட்டாயம். கட்டட இடத்தில் கால் வைக்க வேண்டிய ஒயிட் கார்டு இதற்கு ஈடாகாது. சொந்தமாகக் கிளாஸ் பி எடுக்க வேண்டுமானால் மேற்பார்வைப் பயிற்சி முடித்து, இந்த வேலையில் குறைந்தது 1 ஆண்டு அனுபவமுள்ள மேற்பார்வையாளர் வேண்டும். கிளாஸ் ஏ என்றால் 3 ஆண்டு அனுபவம், கூடவே சான்றளிக்கப்பட்ட பாதுகாப்பு மேலாண்மை முறை. வேலையாளுக்கு உடல்நலக் கண்காணிப்பு முதலாளியின் செலவு. பயிற்சி கொடுக்காமல், கையில் காசு தருகிறேன், சனிக்கிழமை ஒரு வேலி இறக்க வா என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன்: விசா எதுவானாலும் இந்தப் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

எல்லாம் முடிந்ததும் ஆய்வக முடிவு, அகற்றும் திட்டம், அறிவிப்பின் உறுதிச்சீட்டு, க்ளியரன்ஸ் சான்றிதழ், கிடங்கு ரசீது ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குகிறவரின் வழக்கறிஞர் கேட்டால் தேட வேண்டியிருக்காது. பக்கத்து வீட்டில் தடுப்பும் பலகையும் இல்லாமல் ஒப்பந்ததாரர் யாராவது சீட்டை உடைத்துக்கொண்டிருந்தால் சேஃப்வொர்க்கின் 13 10 50க்கு அழையுங்கள். சாலையோரம் யாராவது கொட்டிவிட்டுப் போயிருந்தால் சுற்றுச்சூழல் ஆணையத்தின் 131 555க்கு. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அவர்களே இணைத்துவிடுவார்கள்.